ஓரம் பிரியும் பழைய கம்பளம்: எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபடும். நீங்கள் டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறீர்கள். மத்திய அரசு வேலையாக டெல்லி வந்த உங்கள் மாமனார், வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் கைநெசவுக் கம்பளம் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆறடிக்கு ஒன்பதடி. நடுவில் கருஞ்சிவப்பு, கரையில் நீலம். இப்போது ஒரு முனையில் குஞ்சம் போய், வரிசை வரிசையாகப் பிரிகிறது. ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சி அரித்து அடிநூல் தெரிகிறது. பூந்தொட்டி இருந்த இடத்தில் சிவப்புச் சாயம் கசிந்து பக்கத்திலிருக்கும் வெளிர் நிறப் பூக்களில் ஏறிவிட்டது. கடைக்காரர் 'கெமிக்கல் வாஷ்' போட்டு, மூலையை நெய்து, இரண்டு முனையிலும் புதுக் குஞ்சம் தைத்து, பின்பக்கம் ரப்பர் பால் பூசித் தர 65,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? அமெரிக்காவில் இருக்கும் பையன் அதைக் கேட்கிறான், கொடுத்தனுப்ப முடியுமா?

கடைக்காரர் சொன்னபடி மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பிரியும் ஓரத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். அதற்குக் கடை தேவையில்லை, நீங்களே செய்யலாம். மூலையில் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மூலையை நெய்வது ஆறு மாதம் கழித்து நடந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வாஷ், ரப்பர், தைத்து ஒட்டும் குஞ்சம் மூன்றும் வேண்டவே வேண்டாம்.

பழைய கம்பளம் எது என் கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். இந்தச் சேதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, இல்லை எப்போதோ நடந்து நின்றுபோனதா? நடந்துகொண்டிருப்பதை உடனே நிறுத்த வேண்டும். நின்றுபோனதற்கு அவசரம் கிடையாது, பல சமயம் தொடவே தேவையில்லை. கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவதற்குத்தான் முதலில் விலை சொல்கிறார்கள். கம்பளத்தைத் தின்றுகொண்டிருப்பது அப்படியே விடப்படுகிறது.

ஏன் ஓரம் இவ்வளவு முக்கியம் என்று புரிய, கம்பளம் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. உங்களுடையதில் இரண்டுமே பருத்தி. பாவு நூல் இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேல் கம்பளி முடிச்சு போட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடை விட்டு, சீப்பு மாதிரி இருக்கும் இரும்புக் கருவியால் அடித்து இறுக்குகிறார்கள். முடிச்சு என்று சொன்னாலும் அது அவிழாத கட்டு கிடையாது. பாவைச் சுற்றிக்கொண்டு நிற்கிற ஒரு வளையம், அவ்வளவுதான். மேலும் கீழும் இருக்கும் ஊடை நெருக்கிப் பிடிப்பதால் அது நிற்கிறது. முனையில் ஊடை ஒன்று நழுவினால் அந்த வரிசை முடிச்சு முழுக்க உதிரும். அடுத்த ஊடைக்குப் பிடிமானம் போகும். ஸ்வெட்டரில் ஒரு கண் விட்டுப்போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது.

குஞ்சம் என்று நாம் சொல்வது, தறியிலிருந்து வெட்டி இறக்கியபோது மிஞ்சிய பாவு நூலின் நுனி. அலங்காரத்துக்காகப் பிறகு சேர்த்ததில்லை. அதனால்தான் கடையில் விற்கும் ரெடிமேட் குஞ்சத்தைத் தைத்துவிட்டால் ஓரம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே பிரிந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. மெஷினில் தைத்தால் இன்னும் மோசம். ஒரே நேர்கோட்டில் நெருக்கமாக ஊசி இறங்கி, பழைய பருத்தி நூலை அறுத்துவிடும். சில வருடத்தில் அந்தக் கோட்டோடு பட்டையாகக் கழன்று வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஓரத்தை எப்படித் தைப்பது? சாயம் போடாத, வெண்ணெய் நிறத்தில் இருக்கும் கெட்டியான பருத்தி நூல், முனை மழுங்கிய பெரிய ஊசி, நல்ல வெளிச்சம். இவை போதும். கம்பளத்தை மேஜைமேல் பரப்பி, பிரிந்த முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி வையுங்கள். ஊடையின் பிடியிலிருந்து ஏற்கனவே விடுபட்டுத் தொங்கும் முடிச்சுகளை மட்டும் எடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். எடுத்த கம்பளித் துணுக்குகளை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப முடிச்சுப் போட அது நீளம் போதாது. ஆனால் பின்னால் நூலின் நிறம் பொருத்த அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

முழுசாக இருக்கும் கடைசி ஊடை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று ஊடை உள்ளே தள்ளி, இரண்டு பாவுக்கு நடுவில் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் எடுத்து, நூலை ஓரத்தில் வளையமாக மாட்டி இழுங்கள். ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, ஓரத்துக்குப் போடும் வளையத் தையல்தான். இரண்டு மூன்று பாவு தள்ளி அடுத்தது. அதை ஐந்து ஊடை உள்ளே போடுங்கள், அதற்கடுத்தது மறுபடி மூன்று. எல்லாம் ஒரே ஆழத்தில் இறங்கினால் இழுவை முழுவதும் ஒரே ஊடைமேல் விழுந்து, அந்த வரிசையோடு கிழியும். ஆழம் மாறி மாறி இருந்தால் பாரம் பரவும். ஓரம் சுருங்கினால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், தளர்த்துங்கள். இத்தையல் அழகாக வர வேண்டியதில்லை. ஆறடி அகலத்துக்கு ஒன்றிரண்டு சாயங்காலம் ஆகும். பின்னால் கைதேர்ந்தவர் யாராவது இன்னும் நன்றாகச் செய்ய வந்தால், ஒரு கத்தரியால் உங்கள் தையலை எடுத்துவிடலாம். பழுது பார்ப்பது எதுவாக இருந்தாலும் இப்படித் திரும்பி வர வழி இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ரப்பர் பாலை நான் மறுப்பதும் இதனால்தான். முடிச்சில்லாமல் துணியில் கம்பளியைக் குத்திச் செருகும் டஃப்டிங் துப்பாக்கியால் செய்யும் கம்பளங்களுக்கு அது தேவை, அவற்றில் கம்பளியைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பசைதான். கையால் முடிச்சிட்டதற்கு அது தேவையே இல்லை. பூசினால் பழுதெல்லாம் ஒட்டி நிற்கும், கொஞ்ச காலம் கெட்டியாகவும் தெரியும். அப்புறம் ரப்பர் காய்ந்து வெடித்துப் பொடியாக உதிரும், உதிராத இடத்தில் கல்லாக நிற்கும். அதை எடுக்க முயன்றால் பருத்தியும் கூட வரும். ஊசி இறங்காது. அந்தக் கம்பளத்துக்கு அதன்பிறகு ஒழுங்கான வேலை எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது பூச்சி. அந்துப்பூச்சி பறக்கும்போது எதையும் தின்பதில்லை, தின்பது அதன் புழு. கம்பளி, பட்டு, முடி, இறகு மாதிரி விலங்கிலிருந்து வந்தவைதான் அதற்கு உணவு. பருத்தி அதற்கு ஆகாது. அதனால்தான் உங்கள் மூலையில் மேலே கம்பளி போய், கீழே பருத்தி அப்படியே நிற்கிறது. இது நல்ல சேதி, ஏனென்று கீழே சொல்கிறேன். மூலையைத் திருப்பி டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, வெள்ளை நூலாலான குழல் மாதிரி கூடுகள் ஒட்டியிருக்கிறதா? பக்கத்தில் மணல் மாதிரி துகள் இருக்கிறதா? அந்தத் துகள் புழுவின் எச்சம். சிவப்புக் கம்பளி தின்ற புழு சிவப்பாகவே போடும், நீலம் தின்றது நீலமாக. முதல்முறை பார்க்கிறவர்கள் கம்பளிப் பொடி என்று நினைத்துத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருந்தால் எச்சம்தான். பெருக்கி எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதிதாக இருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது.

டெல்லியில் இது வருவதற்கு ஒரு காரணம் உண்டு. குளிர்காலம் முழுக்கக் கம்பளம் தரையில் இருக்கும், நடமாட்டம் இருக்கும், பூச்சி வராது. ஹோலி முடிந்ததும் சுருட்டி, ரஜாய்களோடு சேர்த்துப் பெட்டிக் கட்டிலுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். இருட்டு, அசைவில்லை, சாப்பாட்டுக் கறையும் வியர்வையும் பட்ட கம்பளி. புழுவுக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. நாப்தலின் உருண்டை நாலு போட்டால் போதும் என்று நம்புகிறோம். காற்றுப் புகாமல் மூடி, ஆவி அடர்த்தியாக நின்றால்தான் அது கொல்லும். கட்டிலுக்குள் அப்படி நிற்காது, அந்த ஆவி நாம் தூங்கும் அறைக்குத்தான் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. வேப்பிலை, வசம்பு வைப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யாது.

சின்னக் கம்பளமாக இருந்தால் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, ஆழ்குளிர் பெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்கச் சொல்வேன். அருங்காட்சியகங்களில் இப்படித்தான் செய்கிறார்கள், முட்டையும் சேர்ந்து சாகும். ஆறுக்கு ஒன்பது வீட்டுப் பெட்டியில் நுழையாது. உங்களுக்கு நல்ல வெயிலும் பொறுமையும்தான் வழி. மொட்டை மாடியில் சுத்தமான துணி விரித்து, கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் வெயில் படும்படி இரண்டு மணி நேரம். முன்பக்கத்தை வெயிலுக்குக் காட்டாதீர்கள், சாயம் வெளுக்கும். பிறகு வேக்குவம் கிளீனரை, சுழலும் பிரஷ் இல்லாத வெறும் வாயோடு, இரண்டு பக்கமும் போடுங்கள். கம்பளியைத் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் முரடாக இருக்கும். வழுக்கும் திசையிலேயே போக வேண்டும். வேக்குவத்தின் பையை அன்றே வெளியே எறியுங்கள். பத்து நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை இதையே செய்தால், முட்டையிலிருந்து பிறகு பொரிந்து வந்தவையும் மாட்டும். மாடிச் சுவரில் தொங்கப் போட்டுத் தடியால் அடிக்கும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. வயதான கம்பளத்துக்கு அது வேண்டாம், பாவு அறுந்துவிடும்.

பூந்தொட்டி இருந்த இடத்துக்கு வருவோம். சாயக் கறையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அதன் அடியில். தொட்டியின் ஈரம் மாதக்கணக்கில் நின்றால் பருத்தி இற்றுப்போகும். கம்பளி மேலே நன்றாகவே இருக்கும், அதனால் தெரியாது. அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, ரொம்ப மெதுவாக மடக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல கம்பளம் சத்தமில்லாமல் மடங்கும். இற்றது அப்பளம் நொறுங்குவதைவிட மெல்லிசாக முறுமுறுக்கும். அந்தச் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மறுபடி சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் நூல் உடைகிறது.

இற்ற இடத்தைத் தண்ணீரில் போடவே கூடாது. நனைந்த கம்பளத்தின் எடையை அது தாங்காது, தொழிலாளி தூக்கும்போதே ஓட்டை விழும். இதற்கு வழி பின்பக்கம் துணி கொடுப்பதுதான். நன்றாகத் துவைத்துச் சுருங்கி முடிந்த பருத்தித் துணியை, சேதமான இடத்தைவிட நாலு விரல் அகலமாக வெட்டி, சுற்றிலும் திடமான பகுதியில் பிடிப்பு வரும்படி நீளநீளமான தையலால் பொருத்துவார்கள். பசை கிடையாது. மேலே தெரியாது, மேலும் கிழியாது.

சாயக் கறையை அப்படியே விடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கசிந்த சிவப்பை எடுக்கிறேன் என்று கடைகளில் போடுவது நிறத்தைச் சிதைக்கும் மருந்து. அதற்குக் கசிந்த சிவப்பும் தெரியாது, நெய்தபோதே இருந்த சிவப்பும் தெரியாது. இரண்டையும் தின்றுவிட்டு மஞ்சள் பாரித்த ஒரு வட்டத்தை விட்டுப் போகும். நீங்கள் அனுப்பிய படத்தில் கறை பூக்களின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அது எப்போதோ நின்றுபோன சேதம். இனி ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் ஒரு அங்குலம்கூட நகராது.

ஏன் உங்கள் சிவப்பு கசிந்தது, அதே வயதுள்ள வேறு கம்பளத்தில் கசியவில்லை? சாயத்தில்தான் இருக்கிறது. மஞ்சிட்டி வேர், அரக்கு, மாதுளைத் தோல் என்று போட்டுப் படிகாரம் கொடுத்து ஏற்றிய நிறங்களும், படிகாரம் இல்லாமலே ஏறும் அவுரி நீலமும் பொதுவாகத் தண்ணீரில் கசியாது. 1856-ல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, அடுத்த சில பத்தாண்டுகளில் மலிவான ரசாயனச் சாயங்கள் நெசவு ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டன. ஆரம்பத்தில் வந்தவற்றில் பல, வெயிலில் வெளுக்கும், நனைந்தால் ஓடும். பின்னால் வந்த குரோம் சாயங்கள் கெட்டியானவை. ஒரே கம்பளத்தில் அவுரி நீலமும் ரசாயனச் சிவப்பும் சேர்ந்தே இருக்கும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியை அந்த நிறத்தின்மேல் வைத்து, மேலே ஒரு கனமான பொருளைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், அக்கம்பளத்துக்கு யாரும் தண்ணீர் காட்டக் கூடாது.

'கெமிக்கல் வாஷ்' என்பது பெரும்பாலும் ப்ளீச்சும் காஸ்டிக் சோடாவும் கலந்த கழுவல். கம்பளி இழையின்மேல் மீன் செதில் போல அடுக்கடுக்கான தோல் உண்டு. ப்ளீச் அதை அரித்து எடுப்பதால் பளபளப்பு வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அத்தோல்தான் இழைக்குப் பாதுகாப்பு, அது போனபின் நடக்க நடக்கக் கம்பளி சீக்கிரம் தேயும். காஸ்டிக் சோடா கம்பளியைக் கரைத்துவிடும் பொருள், ஆய்வுக்கூடத்தில் கம்பளியா பருத்தியா என்று பார்க்கவே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதுக் கம்பளத்தைப் பழசாகக் காட்டக் கண்டுபிடித்த வேலையை, உண்மையிலேயே பழசான ஒன்றுக்குச் செய்ய விடாதீர்கள்.

இனி மூலை. இதில்தான் கைவேலையின் அருமை தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பருத்தி முழுசாக இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, அதனால் உங்களுக்குப் பாவு, ஊடை புதிதாகப் போட வேண்டாம். முடிச்சு மட்டும் போட்டால் போதும். பின்பக்கப் படத்தில் ஸ்கேல் வைத்திருந்தது உதவியாக இருந்தது. ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டு முடிச்சு வருகிறது, நீளத்திலும் அப்படியே. சதுர அங்குலத்துக்கு 144. நாலுக்கு நாலு அங்குலம் என்றால் 2,304 முடிச்சு. புதுத் தறியில் தேர்ந்த நெசவாளி ஒரே நாளில் இதைத் தாண்டிப் போய்விடுவார். பழுது பார்ப்பதில் அந்த வேகம் வராது. ஒவ்வொரு முடிச்சையும் ஊசியால், இறுகிக் கிடக்கும் இரண்டு ஊடைக்கு நடுவே நுழைத்துப் போட வேண்டும். அரைகுறையாக மிஞ்சியிருக்கும் பழைய முடிச்சின் அடிக்கட்டையை ஒவ்வொன்றாக எடுத்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும்.

உங்களுடையது, படத்தைப் பார்த்தால், ஒரு பாவை முழுக்கச் சுற்றி அடுத்த பாவின் அடியில் மட்டும் போய் வெளியே வரும் பாரசீக முடிச்சு. இதில் நூல் திறப்பது இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து, அதே பக்கம் போட வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் கம்பளி வேறு திசையில் சாய்ந்து, எவ்வளவு சரியான நிறமாக இருந்தாலும் தனியாகத் தெரியும். அவசரக்காரர்கள் இரண்டு பாவில் போட வேண்டிய முடிச்சை நாலு பாவில் போட்டு வேலையைப் பாதியாக்கிவிடுவார்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அக்கம்பக்கத்து முடிச்சைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கும்.

நூல் கிடைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஆலைக் கம்பளி நூல் ஒரே பருமனாக, சாயத்தை ஒரே சீராக வாங்கும். கையால் நூற்றது தடித்தும் மெலிந்தும் இருக்கும், சாயமும் ஏற்ற இறக்கமாகப் பிடிக்கும். பழைய கம்பளத்தில் ஒரே சிவப்புக்குள் நாலைந்து சிவப்பு பட்டை பட்டையாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், அதுதான் அழகும். நல்ல காரிகர்கள், அதாவது கைவினைஞர்கள், சிதைந்துபோன பழைய கம்பளங்களை, கிலிம் எனும் முடிச்சில்லாத தட்டை விரிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றைப் பிரித்தெடுத்த நூலைத்தான் பயன்படுத்துவார்கள். அவர்களிடம் மூட்டை மூட்டையாகச் சாயம் மங்கிய நூல் இருக்கும். பட்டறைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்த மூட்டையைத்தான். அது இல்லாத இடத்தில் கம்பளம் கொடுப்பதில்லை.

நிறம் பொருந்துகிறதா என்று கடையின் டியூப் லைட்டில் பார்த்துச் சம்மதிக்காதீர்கள். வெளியே பகல் வெளிச்சத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு, பகலில் வேறாகப் போகும். கம்பளத்தின் இரண்டு முனையிலும் நின்று பாருங்கள், ஒரு பக்கம் கருமையாகவும் மறுபக்கம் வெளிறியும் தெரிவது இயல்பு. புது முடிச்சும் அதோடு சேர்ந்து மாற வேண்டும். வெட்டும்போது அக்கம்பக்கத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக விடச் சொல்லுங்கள். நடக்க நடக்க அமுங்கும், சில மாதம் கழித்து மறுபடி சமன் செய்துகொள்ளலாம். தேய்ந்த இடத்தில் மார்க்கரோ மையோ தடவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கம்பளத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பூக்களைச் சுற்றிப் போகும் கறுப்புக் கோடுகள் பள்ளமாக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அது பூச்சி வேலை கிடையாது. கறுப்பும் அடர் பழுப்பும் வர இரும்புச் சத்து சேர்த்துச் சாயம் ஏற்றுவார்கள். அந்த இரும்பு மெல்ல மெல்லக் கம்பளியை அரிக்கும். சுற்றியிருக்கும் நிறங்கள் அதனால் புடைத்தாற்போல நிற்கும். பழைய கம்பளத்தை விரலால் தடவும்போது கிடைக்கிற சுகமே அதுதான். அதை நிரப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஆளைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும். டெல்லியில் ரஃபூகர் என்று சொன்னால் சால்வை, புடவையில் இழையோடு இழை கோக்கும் கலைஞர்களிடம் அனுப்புவார்கள். நஜீபாபாத் ரஃபூகர்கள் அதில் பேர்போனவர்கள். கம்பள முடிச்சு வேறு வேலை. பதோஹி, மிர்சாபூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், காஷ்மீரிகள், இவர்களில் தறியில் உட்கார்ந்து பழகியவர் யார் என்று கேளுங்கள். முடித்துக் கொடுத்த வேலையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் யாரையும் ஏமாற்றலாம். விலையை மொத்தமாகப் பேசாமல் சதுர அங்குலக் கணக்கில் தனியாக எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னால் நீங்களே நாலு பக்கமும், முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்பதில் உலகப் புகழ்பெற்ற ஒரு உதாரணம் இருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, ஈரானிலிருந்து வந்த அர்தபில் கம்பளத்தில் ஹிஜ்ரி 946, அதாவது கிபி 1539-40 என்று ஆண்டே நெய்திருக்கிறது. 1893-ல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அது இரட்டையில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றை முழுமையாக்குவதற்கு இன்னொன்றை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கரையை இழந்த அந்த இரண்டாவது கம்பளம் இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. லண்டனில் இருப்பதற்கு வெளிச்சம்கூட அளந்துதான் கொடுக்கிறார்கள், அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். வெட்டி ஒட்டிய அந்த வேலையை எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. முழுசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்காக ஒரு கம்பளம் தன் கரையையே இழந்திருக்கிறது.

வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி. கூலர் ஓடும் அறையில் விரிக்காதீர்கள், அந்த ஈரம் பருத்திக்கு ஆகாது. மே மாதத்து ஆந்தி, அதாவது புழுதிப் புயல், கொண்டுவரும் தூசி உள்ளே இறங்கி அடியில் தங்கினால், மிதிக்க மிதிக்கக் கம்பளியை அடிவேரில் அறுக்கும். கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் வேக்குவம் வையுங்கள், திருப்பினால் தரையில் மணல் கொட்டிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் உருளைமேல் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், துவைத்த காடாத் துணி போதும். பெட்டிக் கட்டிலுக்குள் போட்டே ஆக வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து விரித்துப் பாருங்கள். சாயம் கசியாது என்று உறுதியான கம்பளத்தைக் கழுவுவதானால் மார்ச், ஏப்ரல் வறண்ட வெயிலில் மட்டும். மழைக்காலத்தில் கழுவினால் அடிநூல் காயாது.

பையனுக்குக் கொடுத்தனுப்புவது. 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளோ கைவினைப் பொருளோ தொல்பொருள் கணக்கில் வரும். அதை இந்தியாவுக்கு வெளியே எடுத்துப் போகத் தனி ஆளுக்கு அனுமதி கிடையாது. சொந்தப் பொருள், விற்பனைக்கு இல்லை என்பதெல்லாம் செல்லாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. முடிச்சு, நூல், சாயம் எல்லாம் பார்த்து, அமிர்தசரஸ் அல்லது ஆக்ராவில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நெய்ததாக இருக்கும் என்பது என் கணிப்பு. அதாவது நூறு என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். விமான நிலையத்தில் அந்தச் சந்தேகத்தோடு நிற்காதீர்கள். தொல்லியல் துறையில் விண்ணப்பித்து, அவர்கள் நேரில் பார்த்து, தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தால் பையன் எடுத்துப் போகலாம். கொடுக்கவில்லை என்றால் கம்பளம் ஆர்.கே. புரத்திலேயே இருக்கட்டும். மாமனார் வாங்கிய காலத்துக் கடிதம், ரசீது, வீட்டில் அது விரித்திருக்கும் பழைய புகைப்படம் எது கிடைத்தாலும் விண்ணப்பத்தோடு வையுங்கள்.

ஓரத்தைத் தைத்து முடித்ததும் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பூந்தொட்டி இடத்தில் சத்தம் கேட்டதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் மூலையை எப்போது யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.